பெட்டகத்தில் ஒரு ‘வைத்தியாகரம்’: மானிப்பாய் டொக்டர் கிறீனைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மருதடியான்

வணக்கம். அப்பா காலமாகி ஆறு மாதம். மானிப்பாய் வீட்டைத் துப்புரவாக்கப் போனேன். அப்பப்பாவின் பெட்டகத்துக்கு அடியில், நாலு முழ வேட்டியில் சுற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அட்டை இல்லை. முதல் சில தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் உள்ள பக்கங்களின் மேலே ‘வைத்தியாகரம்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

சின்ன வயதில் அப்பம்மா “அது கிறீன் துரையின் புத்தகம், தொடாதே” என்று சொல்லுவா. அப்பாவின் பூட்டன் கிறீனிடம் வைத்தியம் படித்தவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சுத்தான், சான்று எதுவும் கையில் இல்லை.

கிறீன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன் நான். ஆனால் அந்தக் கிறீன் யார் என்று இந்த ஐம்பது வயது வரை ஒழுங்காகக் கேட்டதில்லை, வெட்கம்தான். போய் நூற்றைம்பது வருடமான ஒரு வெள்ளைக்காரரின் பெயரை எங்கள் கிழவிகள் ஏன் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி

தம்பி, முதலில் அந்தப் புத்தகத்தை வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் கையில் இருப்பது சின்னச் சாமான் இல்லை. ‘வைத்தியாகரம்’ 1872இல் நாகர்கோவிலில் அச்சானது. பொது வைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் அப்போது புழக்கத்தில் இருந்த கைநூல் ஒன்றைத் தமிழாக்கிய நூல். செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவில் மசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊரில் 1822 ஒக்டோபர் 10இல் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசன் அனுப்பி 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார், வயது இருபத்தைந்து வாக்கில். அடுத்த வருடமே மானிப்பாயில் வைத்தியசாலையோடு சேர்த்து மாணவரைப் பழக்கவும் தொடங்கிவிட்டார். கொழும்பில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல். அதற்கு இருபத்திரண்டு வருடம் முன்னால் மானிப்பாயில் மேலை வைத்தியம் படிப்பித்தாயிற்று. இலங்கையின் முதல் மருத்துவப் பள்ளி என்று அதைச் சொல்வார்கள்.

இடையில் உடல் நலிந்து ஊர் போனார். அங்கே கலியாணம் முடித்து, 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். 1873இல் நிரந்தரமாகப் போனார். போன பிறகும் மொழிபெயர்ப்பை விடவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டு தமிழில் எழுதி இங்கே அனுப்பினார், மாணவர்கள் அச்சேற்றினார்கள். 1884இல் இறக்கும்வரை அதுதான் வேலை. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல் வரும்.

சின்னத்தம்பி

அப்போ யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் இங்கிலீஷ் வைத்தியர் இவர்தானா?

ஏட்டுச்சுவடி

இல்லை. ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர் 1820 வாக்கிலேயே பண்டத்தரிப்பில் இருந்தார். அவருடைய பேத்திதான் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். வேலூருக்கு மருந்தெடுக்கப் போகும் எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு அந்தக் குடும்பத்தின் கதை பண்டத்தரிப்பில் தொடங்கியது தெரியும்? ஸ்கடருக்குப் பிறகு வட்டுக்கோட்டையில் வோர்ட் இருந்தார். கிறீன் மூன்றாவது ஆள்.

ஆனால் முதல் இருவருக்கும் இல்லாத ஒரு கிறுக்கு கிறீனுக்கு இருந்தது. தமிழ்க் கிறுக்கு.

வைகைக்கரை

மன்னிக்கணும், கொஞ்சம் மாற்றுக் குரலாக ஒன்று சொல்கிறேன். நான் மதுரை. தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் சித்த வைத்தியர்கள். ‘மிஷனரி வந்துதான் தமிழனுக்கு வைத்தியம் கிடைத்தது’ என்கிற தொனி வந்தாலே எனக்குக் கொஞ்சம் எரியும். யாழ்ப்பாணத்தில் பரராசசேகரம் என்று பெரிய வைத்திய நூலே இருந்திருக்கிறது. ஊருக்கு ஊர் பரியாரிகள் இருந்தார்கள். கிறீன் வந்த நோக்கமும் வைத்தியம் மட்டும் இல்லை. மதம் மாற்ற வந்த சங்கத்தின் சம்பளத்தில் வந்தவர். மருந்து தூண்டில், சரியா?

ஏட்டுச்சுவடி

நோக்கத்தை அவர் ஒளிக்கவே இல்லை ஐயா. தன் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்பதைக்கூடச் சொல்லி வைத்தார். தமிழருக்கு மருத்துவ வழியில் வந்த நற்செய்தியாளர் என்ற பொருளில்தான் அந்த வாசகம் இருக்கிறது. எனவே நீங்கள் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் அதே ஆள், கிறிஸ்தவரான தமிழ்ப் பையன்கள் காற்சட்டை போட்டுக்கொண்டு ஐரோப்பியர் மாதிரி நடப்பதைக் கண்டு சினந்தவர். கிறிஸ்தவராகட்டும், ஆனால் உடுப்பிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்கட்டும் என்றவர். அந்தக் காலத்தில் மிசன் பள்ளியில் சேரும் பையனுக்குப் பணம் கட்டும் அமெரிக்கக் கனவானின் பெயரையே வைத்துவிடுவார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை எல்லாரும் அப்படி வந்த பெயர்கள்தான். அந்தச் சூழலில் இப்படி ஒருவர் பேசினார் என்பதை யோசியுங்கள்.

பரராசசேகரத்தைச் சொன்னீர்கள், நல்லது. அதில் ‘அங்காதிபாதம்’ என்று ஒரு பகுதி உண்டு. கிறீன் தன் உடலமைப்பு நூலுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? அங்காதிபாதம்! பெரிய ‘கிரேயின் உடற்கூற்றியல்’ அவர் கையில் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆனது. ஊர்ப் பரியாரிக்குப் பழகிய சொல்லை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே புதுச் சரக்கை இறக்கியிருக்கிறார். பாதத்திலிருந்து கேசம்வரை பாடும் பாதாதிகேசம் படித்த நம் காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு இயல்பாக விழுகிறது, பாருங்கள்.

வைகைக்கரை

அந்தப் பெயர் விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். தூண்டில் பற்றிய கருத்து அப்படியே இருக்கிறது.

கத்திக்காரன்

நான் அறுவை மருத்துவர், இப்போது ஓய்வில். அன்றைய மேலை வைத்தியத்தையும் கொஞ்சம் நேராகப் பார்ப்போம், புகழ்ச்சி மட்டும் வேண்டாம்.

கிறீன் கப்பலேறியது 1847 ஏப்ரலில். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அவருடைய மாநிலத்துத் தலைநகர் பொஸ்டனில் ஈதர் மயக்கம் கொடுத்து அறுவை செய்து காட்டினார்கள். குளோரோபோம் வந்தது அவர் யாழ்ப்பாணத்தில் இறங்கியதற்குப் பிந்தி. அவருடைய ‘இரண வைத்தியம்’ வெளியானது 1867. அறுவை மருத்துவர் லிஸ்டர் கிருமி நீக்கம் பற்றி எழுதிய கட்டுரைகளும் அதே 1867தான். ஆகவே அந்த நூல் எழுதப்பட்டபோது கத்தியைக் கழுவ வேண்டும் என்பதே உலகத்தில் பெரும்பாலான வைத்தியருக்குத் தெரியாது. 1866, 67இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கொள்ளையாகப் பரவியது. ஜெர்மன் மருத்துவர் கொக் அதன் கிருமியை அடையாளம் காட்டியது 1883, 84இல், கிறீன் சாகிற நேரத்தில். அதுவரை பேதிக்கு உலகமெங்கும் கொடுத்தது அபினும் பாதரச மருந்தும். இன்று ஒரு சேலைன் போத்தலில் பிழைக்கும் ஆட்களை அன்று யாராலும் காப்பாற்ற முடியவில்லை, மிசன் டொக்டராலும் முடியவில்லை, பரியாரியாலும் முடியவில்லை.

எனவே வைகைக்கரை ஐயா, உங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் போனவர் கிறீனிடம் போனவரைவிட மோசமாகச் செத்திருக்க மாட்டார். சில வருத்தத்துக்கு நன்றாகவே பிழைத்திருப்பார். கிறீன் கை ஓங்கியது வேறு இடத்தில்: கட்டி, முறிவு, கல்லடைப்பு, கண் படலம், குறுக்கே கிடக்கும் பிள்ளை. கத்தியும் உடற்கூறும் தேவைப்படும் இடம். அங்கே மட்டும் அவர்களுடைய வைத்தியம் உண்மையிலேயே முன்னால் இருந்தது.

சங்குவேலி அக்கா

நான் புத்தகம் படித்து எழுதவில்லை, வீட்டில் கேட்டதை எழுதுகிறேன். எங்கள் அம்மம்மாவுக்கு அவருடைய ஆச்சி சொன்ன கதை. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்து மூன்று நாள் நோவு. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டா. மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி மானிப்பாய்க்குக் கொண்டுபோனார்களாம். போன இடத்தில் டொக்டர் துரை வரவில்லை. வேட்டி கட்டிய எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வந்தானாம். கிழவிகள் எல்லாம் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள், துரையிடம் கொண்டுவந்தால் இந்தப் பொடியன் வருகிறானே என்று. அவன்தான் பிள்ளையைத் திருப்பி எடுத்தான். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் நானும் இல்லை.

ஆச்சி கடைசிவரை சொன்னது துரையின் பெயரைத்தான். பையனின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கத்திக்காரன்

அக்கா, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். அவர் மொழிபெயர்த்த ‘பிரசவ வைத்தியம்’ 1857இலேயே வந்துவிட்டது. ஒரு ஆள் பத்து ஊருக்கு ஓட முடியாது, பத்து ஆளைத் தயார் பண்ணினால் ஊரே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் கிறீனின் கணக்கு. அறுபது பேருக்கு மேல் அவரிடம் படித்து வெளியேறினார்கள். அதில் பாதிப் பேர் முழுக்க முழுக்கத் தமிழிலேயே படித்தவர்கள்.

மாணவி

நான் யாழில் மருத்துவம் இரண்டாம் வருடம். ஒரு கேள்வி. முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர் ஏன் தமிழுக்கு மாறினார்? எங்கள் பீடத்தில் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு முதல் வருடம் ஆங்கிலத்தில் மூச்சுத் திணறுகிறோம். அவர் நேர்மாறாகப் போயிருக்கிறாரே?

ஏட்டுச்சுவடி

பிள்ளை, காரணம் வெகு சாதாரணமானது: சம்பளம்.

1848 தொடங்கி முதல் அணிகள் ஆங்கிலத்தில் படித்தன. படித்து முடித்ததும் என்ன செய்தார்கள்? ஆங்கிலமும் தெரியும், வைத்தியமும் தெரியும் என்றால் அரசாங்கம் விடுமா, தோட்டத் துரைமார் விடுவார்களா? ஆள் கொழும்புக்கோ மலையகத்துக்கோ போய்விடுவார். சுன்னாகத்துக்கும் சங்கானைக்கும் யார் மிச்சம்? கிறீன் இதைப் பார்த்துத்தான் 1864இல் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் கிராமத்தில் நிற்பான் என்பது அவருடைய நம்பிக்கை. கொஞ்சம் கொடுமையான நம்பிக்கையும்கூட, ஏனென்றால் பையனை மொழியால் ஊரில் கட்டிப்போடுவதுதானே அது?

இதே வருத்தம் மிசனுக்குப் பொதுவாகவே இருந்தது. மிசனின் உயர்கல்விப் பள்ளியான வட்டுக்கோட்டை செமினரியை 1855இல் மூடியதற்கும், படித்தவர்கள் ஆங்கிலத்தோடு உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள் என்பது ஒரு காரணம்.

சொற்களை அவர் எப்படி உண்டாக்கினார் என்பது நூல்களின் பெயரிலேயே தெரியும். ஊரில் இருந்தால் ஊர்ச்சொல்: அங்காதிபாதம். புழங்கிய வடசொல் என்றால் அது: பிரசவம், இரணம். இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லுக்கே வேட்டி கட்டிவிடுவது. 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’!

சின்னத்தம்பி

கெமிஸ்தம் 😂 இதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன்.

மாணவி

சிரிக்காதீர்கள் அண்ணா. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாடி, நாளம் என்று படித்தேன். தமிழ்நாட்டு யூடியூப் காணொளியில் தமனி, சிரை என்கிறார்கள். நாங்கள் இரசாயனவியல், அவர்கள் வேதியியல். நாங்கள் சத்திரசிகிச்சை, அவர்கள் அறுவை. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் ஒரே நரம்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் தனி ஆளாக நாலாயிரம் பக்கத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

வைகைக்கரை

நரம்புக்கு இரண்டு பக்கமும் நரம்புதாம்மா. இரத்தக்குழாய்க்குத்தான் இரண்டு பெயர் 🙂

மாணவி

ஐயோ. சரி, உடற்கூற்றுப் பரீட்சை அடுத்த கிழமை, சொல்லித் தந்ததற்கு நன்றி.

ஏட்டுச்சுவடி

ஒரு விஷயத்தை எழுதாவிட்டால் நித்திரை வராது. ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்தது 1822 டிசம்பர் 18. கிறீனுக்கும் அவருக்கும் இரண்டே மாத வித்தியாசம். கிறீன் மானிப்பாயில் மாணவரைச் சேர்த்த அதே 1848இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் சைவத்தைக் காக்க, மற்றவர் கிறிஸ்துவைப் பரப்ப. இரண்டு ஊருக்கும் இடையில் சில மைல்தான். ஆனால் இருவரும் எடுத்த ஆயுதம் ஒன்று: எல்லாருக்கும் விளங்கும் தமிழ் உரைநடையும் ஓர் அச்சுக்கூடமும். செய்யுளிலேயே வைத்தியமும் சமயமும் எழுதிய காலத்தில் இரண்டு எதிராளிகளும் ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாவலருக்குக் குருபூசை உண்டு. கிறீனுக்கு ஒரு வரி இல்லை. நான் படிப்பித்த முப்பது வருடமும் நானும் சொன்னதில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

வூஸ்டர் வாசி

இந்த இழையை நண்பர் அனுப்பினார். நான் இருப்பது அதே வூஸ்டரில்தான், இருபது வருடமாக. பிறந்த ஊர் உரும்பிராய்.

கிறீன் குடும்பத்தின் நிலம் இப்போது நகரப் பூங்கா, கிறீன் ஹில் பூங்கா என்று பெயர். குடும்பத்தார் 1905இல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பகுதியில் கோல்ப் மைதானம். பிள்ளைகளை அங்கே பனியில் சறுக்கக் கூட்டிப்போன எனக்கு, இது எங்கள் மானிப்பாய்க் கிறீனின் வீட்டு வளவு என்று தெரியவே பல வருடம் ஆனது. இங்குள்ளவர்களுக்கு அவரைத் தெரியாது. அவருடைய அண்ணனைத் தெரியும். அண்ணன் அண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரிய கை. நியூயோர்க் நகரத்தையே ஒன்றாக இணைத்தவர் என்று சொல்வார்கள். பாவம், 1903இல் யாரோ ஆள் மாறிச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

அண்ணன் நியூயோர்க்குக்குப் பூங்கா போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி மானிப்பாயில் ‘குடல்’ என்று எழுதுவதா ‘அந்திரம்’ என்று எழுதுவதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருப்பார். எனக்குத் தம்பியைத்தான் பிடிக்கிறது, ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத்தம்பி

அவ்வளவு செய்தும் தமிழ் மருத்துவக் கல்வி ஏன் நிலைக்கவில்லை? ஆங்கிலேயன் அழித்துவிட்டான் என்றுதான் எங்கள் மாமா சொல்வார்.

கத்திக்காரன்

மாமா ஆளைப் பிடித்துக் குற்றம் சொல்லப் பார்க்கிறார். கொழும்பில் அரசு கல்லூரி வந்தது, ஆங்கிலத்தில் படித்தவனுக்கு அரசு வேலை, ஓய்வூதியம், மரியாதை. தமிழில் படித்தவனுக்கு வாழைக்குலையும் நெல்லும். நீங்கள் பையனை எங்கே அனுப்புவீர்கள்? அத்தோடு முழுப் பாரமும் ஒரு மனிதரின் முதுகில் இருந்தது. 1873இல் அவர் போனார், சில வருடத்தில் அது தேய்ந்தது. மருத்துவ நூல் பத்து வருடத்துக்கு ஒரு தரம் திருத்தப்படாவிட்டால் செத்த நூல். கிருமிக் கோட்பாடு வந்த பிறகு ‘வைத்தியாகர’த்தைத் திருத்தி எழுத யாரும் உட்காரவில்லை.

ஏட்டுச்சுவடி

நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசி எங்கள் மனதில் இருக்கிறது. தமிழில் படித்த வைத்தியர் என்றால் அரை வைத்தியர் என்று நாங்களேதான் முடிவு கட்டினோம். சங்குவேலிக் கிழவிகள் வேட்டிக்காரப் பையனைக் கண்டு ஒப்பாரி வைத்தார்களே, அது.

சங்குவேலி அக்கா

எங்கள் கிழவிகளை விடுங்கோ மாஸ்டர். மூன்று நாள் நோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

ஏட்டுச்சுவடி

உண்மை, பிள்ளை. மன்னிக்க வேண்டும்.

மருதடியான்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இழையைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு பென்சில் எழுத்தைப் பார்த்தேன். எல்லாம் வாசிக்க முடியவில்லை. வாசித்தவரை சொல்கிறேன்.

பேதி பற்றிய பகுதியில் அச்சில் ஒரு மருந்து இருக்கிறது. அதன் பக்கத்தில் பென்சிலால் ‘கிடையாது’ என்று எழுதி, கீழே ‘மாதுளந்தோல், சாதிக்காய்’ என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் ஒரு மருந்தின் அளவை அடித்துவிட்டுப் பாதியாக்கி, ‘எங்கள் சனத்துக்கு இது போதும்’ என்று எழுதியிருக்கிறார். பல பக்கங்களில் வெறும் ஊர்ப் பெயரும் ஒரு கோடும்: கட்டுடை, சண்டிலிப்பாய், ஆனைக்கோட்டை. கோடு தேறினதா, செத்ததா, தெரியவில்லை.

வைகைக்கரை

மாதுளந்தோலும் சாதிக்காயும்! எங்கள் கொள்ளுத்தாத்தா ஏட்டிலும் அதுதான். மருதடியான், உங்கள் பூட்டனார் புத்தகத்தைப் படித்திருக்கிறார், ஆனால் அதற்கு அடங்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கிறீனைப் பற்றியும் கொஞ்சம் இறங்கி வருகிறேன், தமிழில் எழுதியதால்தானே ஓரத்தில் இப்படிச் சண்டை போட முடிந்தது.

கத்திக்காரன்

அளவைப் பாதியாக்கியவர் புத்திசாலி. அந்தக் காலத்து அளவுகளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

வூஸ்டர் வாசி

இதை அப்படியே பெட்டகத்தில் திரும்ப வைத்துவிடாதீர்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 நூல் போனது. வீடுகளில் இருந்தவை போரில் இடம்பெயர்ந்தபோது போயின. மிச்சம் இருப்பது உங்களைப் போல வேட்டியில் சுற்றி வைத்தவர்களிடம்தான். நூலக நிறுவனத்தார் பழைய நூல்களை எண்ணிமப்படுத்துகிறார்கள், அவர்களிடம் ஒரு தரம் காட்டுங்கள். அச்சு நூல் வேறு எங்காவது கிடைக்கலாம். பென்சில் உங்கள் பிரதியில் மட்டும்தான்.

ஏட்டுச்சுவடி

போகும்போது தாள்களை ஒட்டாதீர்கள், செலோடேப் வேண்டவே வேண்டாம். பழுத்த தாளைத் திருப்பும்போது கை காய்ந்திருக்கட்டும். வேட்டியையும் கழுவிவிட்டு அதிலேயே சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துவிடும்.

மருதடியான்

வேட்டி கழுவிக் காயப் போட்டிருக்கிறேன் மாஸ்டர். போன் செய்து பேசினேன், சனிக்கிழமை வரச் சொல்கிறார்கள். மழை இல்லாவிட்டால் கொண்டுபோகிறேன். மழை என்றால் ஓட்டோ.